காவலூரும் கிளுவை வேலியும்

கொள்ளிடத்துக்கு வடகரையில், திருமானூரை அடுத்து ஏலாக்குறிச்சி இருக்கிறது. அங்குள்ள அடைக்கல மாதா கோயிலைத் தெரியாதவர்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் குறைவு. அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, கலம்பகமும் பாடியவர் வீரமாமுனிவர். அந்தக் ‘காவல்’ என்ற சொல் என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்கிறது. எதிலிருந்து காவல்? எவ்வளவு காவல்?

வீரமாமுனிவர் திருக்குறளை லத்தீனில் மொழிபெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே எடுத்துக்கொண்டார். காமத்துப்பாலின் 250 குறள்களைத் தொடவில்லை. துறவிக்கு அது ஆகாது என்று ஒதுக்கினார் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அவர் நிலையில் இருந்து பார்த்தால் நியாயம்தான். ஆனால் அவர் விட்ட இடத்திலேயே நாமும் நின்றுகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் புகார்.

பள்ளியில் குறள் ஒப்பித்தல் போட்டி என்றால் எங்களுக்கு 1080 குறள்தான். மீதி 250 இருப்பதாகவே யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். பிறகு நான் படித்த கல்லூரியில் பையன்கள் பெண்களோடு பேசினால் அபராதம். நோட்டு வாங்கினாலும் அபராதம். ஒருநாள் என் அறை நண்பன் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் பேனா வாங்கிவிட்டு வந்து சொன்னான்: “ஒண்ணுமே ஆகலடா. இதுக்காடா இவ்ளோ பயமுறுத்துனாங்க?” அன்றிலிருந்து அவன் எந்த விதியையும் மதிக்கவில்லை. மதித்திருக்க வேண்டிய ஒன்றிரண்டையும் சேர்த்துத்தான். அதற்கான விலையை வேறொருத்தி கொடுத்தாள்.

யூத ரபிகளின் போதனைகளை வாசிக்கத் தொடங்கியபோது இந்தப் பேனா கதையை அங்கே மறுபடி பார்த்தேன். தோராவுக்கு வேலி கட்டுங்கள் என்பது அவர்களுடைய புகழ்பெற்ற அறிவுரை. தவறுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுகொள் என்று அர்த்தம். ஆனால் ஆதியாகம மித்ராஷ் அதே வேலியைப் பற்றி எச்சரிக்கவும் செய்கிறது. கடவுள் கனியைத் தின்னாதே என்றுதான் சொன்னார். ஏவாள் பாம்பிடம், தொடவும் கூடாது என்று சேர்த்துச் சொல்கிறாள். பாம்பு அவளை மரத்தின்மேல் தள்ளுகிறது. தொட்டாள், சாகவில்லை. தொட்டதற்குச் சாகாதவள் தின்றால் மட்டும் சாவாளா? வேலியை அளவுக்கு மீறி உயர்த்தினால் அது சாய்ந்து பயிரையே அழிக்கும் என்பது ரபிகளின் முடிவு.

ரபிகள் ஒன்றும் தாராளவாதிகள் இல்லை. அவர்களுடைய கட்டுப்பாடுகளில் பல இன்றைக்கு நமக்கு மூச்சுமுட்டும். ஆனாலும் மனிதனுக்குள் இருக்கும் தீய நாட்டத்தை, எபிரேயத்தில் ‘யேட்ஸர் ஹாரா’வை, அவர்கள் வெறும் எதிரியாக நினைக்கவில்லை. அது இல்லாவிட்டால் யாரும் வீடு கட்டமாட்டார்கள், கல்யாணம் செய்யமாட்டார்கள் என்கிறது மித்ராஷ். தல்மூதில் ஒரு கதை: அதைப் பிடித்து மூன்று நாள் அடைத்து வைக்கிறார்கள். நாடு முழுக்கத் தேடியும் அன்றைக்கு இட்ட ஒரு முட்டை கிடைக்கவில்லை. கோழிகூட முட்டையிடுவதை நிறுத்திவிட்டது! கடைசியில் அதன் கண்ணைக் கெடுத்துவிட்டு, உயிரோடு விட்டுவிடுகிறார்கள். கடவுளை முழு இருதயத்தோடு நேசி என்பதற்கும் நல்ல நாட்டம், தீய நாட்டம் இரண்டாலும் நேசி என்றே மிஷ்னா பொருள் சொல்கிறது.

அதனால்தான் உன்னதப்பாட்டு அவர்களுடைய வேதத்துக்குள் இருக்கிறது. வெளிப்படையான காதல் பாட்டு அது. அதன் புனிதம் பற்றி விவாதம் வந்தபோது, எல்லாவற்றிலும் மிகப் புனிதமானது அதுதான் என்றார் ரபி அகிவா. விருந்து வீடுகளில் அதைக் கேளிக்கையாகப் பாடுவதைக் கண்டித்தவரும் அவரேதான். வேலி போட்டார். ஆனால் பயிரை வேலிக்கு உள்ளே வைத்துப் போட்டார். நம் முனிவரோ 250 குறளை வெளியே விட்டுவிட்டு வேலி கட்டினார்.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. வீரமாமுனிவர் 1680இல் வட இத்தாலியில் பிறந்தவர். அதே வட இத்தாலியில், பதுவா நகரில் 1707இல் பிறந்தவர் மோசே ஹயீம் லுஸ்ஸாத்தோ என்ற யூத அறிஞர். ஆன்மிக வளர்ச்சியைப் படிப்படியாகச் சொல்லும் அவருடைய ‘மெசிலாத் யெஷாரிம்’ 1740இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. நேர்மையாளரின் பாதை என்று பொருள். அதில் முதல் படி விழிப்பு. வியாபாரி கணக்குப் பார்ப்பதுபோல் தினமும் தன்னைக் கணக்குப் பார்ப்பது. விலகுதல் நான்காவது படியாகத்தான் வருகிறது. வள்ளுவரும் இல்லறத்தை முடித்துவிட்டுத்தான் துறவறத்துக்குப் போகிறார். எடுத்த எடுப்பிலேயே விலகச் சொல்லும் நம் விடுதிகள் எந்த மரபைச் சேர்ந்தவை என்று எனக்கு விளங்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் சித்தப்பா மகன். முதலாமாண்டு படிக்கிறான். போன வாரம், “அண்ணா, போன்ல எல்லாத்தையும் லாக் பண்ற ஆப் ஏதாவது சொல்லேன், என்னால முடியல” என்றான். சொல்லிக்கொடுத்தேன். கூடவே, தினமும் ராத்திரி எவ்வளவு நேரம் எதைப் பார்த்தாய் என்று ஒரு நோட்டில் எழுது என்றேன். முழுத் திருக்குறள் ஒன்றையும் கொடுத்தேன். காமத்துப்பாலை அவன் தேடிப் படிப்பான் என்று தெரியும். படிக்கட்டும். விரும்பியவருக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அதில் தெரிந்துகொள்வான். அவன் போனில் பார்ப்பது எதுவும் அதைச் சொல்லித்தராது.

எங்கள் சின்ன வெங்காயக் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. வருஷத்துக்கு ஒருமுறை அப்பா அதைக் கழித்துவிடுவார். “ஆட்டுக்கு வேலி வேணும். ஆனா நெழலு கட்டுச்சின்னா ஓரத்துப் பாத்தி தேறாது” என்பார்.