நடுகல்லும் கையறுநிலையும்: இலங்கையின் அரசியல் வன்முறையும் பொதுத்துயரத்தின் மொழியும்

முன்னுரை

1974 ஜனவரி 10ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவுப் பொதுக்கூட்டம் நடைபெற்றது. மண்டபம் கொள்ளாத மக்கள் வெளியே திரண்டிருந்தனர். பொலிஸார் கூட்டத்தினுள் புகுந்து கண்ணீர்ப்புகை வீசினர். அக்குழப்பத்தில் மின்கம்பி அறுந்து விழ, தமிழறிஞரின் உரை கேட்க வந்த பொதுமக்கள் சிலர் உயிரிழந்தனர். ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதியரசர் ஓ. எல். டி கிரெற்சர் தலைமையில் மக்கள் சார்பில் அமைந்த விசாரணைக்குழு பொலிஸாரின் செயலைக் குற்றமெனக் கண்டது. ஆயினும் அம்முடிவுக்கு அரசின் செவி திறக்கவில்லை.

உரிய இடத்தில் ஏற்கப்படாத அத்துயரம் வேறு வழிகளைத் தேடிற்று. அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள் பொன். சிவகுமாரன் என்னும் இளைஞர் பொலிஸார் சூழ்ந்த நிலையில் நஞ்சருந்தி உயிர்விட்டார். மாநாட்டு மரணங்களுக்குப் பொறுப்பாளி எனப் பலராலும் பழிக்கப்பட்ட யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27ஆம் நாள் பொன்னாலைக் கோயில் முன்றிலில் சுட்டுக்கொல்லப்பட்டார். மாநாட்டில் மாண்டோர்க்கு நினைவுத்தூண்கள் எழுந்தன. சிவகுமாரனுக்குச் சிலை எழுந்தது. துரையப்பாவின் பெயரை யாழ்ப்பாணத்தின் விளையாட்டரங்கு தாங்கி நிற்கிறது. ஒரே நிகழ்விலிருந்து கிளைத்த மரணங்களுக்கு ஒரே நிலப்பகுதியில் மூவகை நினைவுகள் அமைந்தன. ஒன்றின் முன் நின்று அழுவோர் மற்றொன்றின் முன் நிற்பது அரிது.

அரசியல் வன்முறைக்குப் பின் ஒரு சமூகம் தன் இறந்தோரை எம்மொழியில் நினைக்கிறது என்பதும், அம்மொழி நாட்டின் அரசியல் உரையாடலை எவ்வாறு வடிவமைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் பொருள். பழந்தமிழ்ப் புறத்திணை மரபு வகுத்த இரு கூறுகளான நடுகல், கையறுநிலை ஆகியவை இதற்குக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன.

புறத்திணை காட்டும் வேறுபாடு

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லையும் இரங்கற்பாவையும் ஒரே திணையில் வைக்கவில்லை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் கல்நாட்டு நிலைகள் வெட்சியின் பாற்படுகின்றன. மாண்டோரை எண்ணி எஞ்சியோர் புலம்பும் கையறுநிலையோ நில்லாமையைப் பொருளாகக் கொண்ட காஞ்சியின் துறையாகிறது. இவ்வைப்புமுறை தற்செயலானதன்று. கல் போரின் தொடர்ச்சி. அது வீரனின் பெயரையும் பெருமையையும் பொறித்துப் பின்வருவோரை அவன் வழியில் அழைக்கிறது. கையறுநிலையில் பேசுவோர்க்கு அத்தகைய அழைப்பு எதுவுமில்லை. செய்வதற்கொன்றும் இல்லாத நிலையே அதன் பெயர்க்காரணம். மலையையும் தந்தையையும் ஒருங்கே இழந்த பாரி மகளிரின் பாடலில் வென்ற வேந்தர்மீது வஞ்சினம் கூறப்படவில்லை. நிலவு மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனைய யாவும் போயின என்னும் உணர்வே அப்பாடலின் முழுவலிமை.

இவ்விரண்டும் நேருக்குநேர் சந்திக்கும் இடம் புறநானூற்றின் 232ஆம் பாடல். அதியமானின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைக்கின்றனர். ஒரு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாத பெருந்தகை, சிறுகலத்தில் ஊற்றும் இக்கள்ளை ஏற்பானோ என ஔவையார் ஐயுறுகிறார். சடங்கை அவர் மறுக்கவில்லை. அதன் போதாமையைச் சொல்கிறார். கல்லில் நிற்கும் பெயருக்கும் இழந்த மனிதனுக்கும் உள்ள தொலைவை உணர்த்துவதே இப்பாடலின் திறம்.

மேலும் ஒரு நிலை உண்டு. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் பொருது இருவரும் களத்தில் வீழ்ந்ததைக் கழாத்தலையாரும் பரணரும் முறையே 62, 63ஆம் பாடல்களில் பாடினர். தும்பைத்திணையில் தொகைநிலை எனத் துறை வகுக்கப்பட்ட இப்பாடல்களில் வென்றவன் எவனுமில்லை. களத்தில் கிடக்கும் யானையும் குதிரையும் வீரரும் இரு தரப்பினர். அவ்விருவரின் நாடுகள் இனி என்னாகுமோ என்னும் கவலையும் இரு நாடுகளுக்கும் உரியது. எதிர்த்தரப்பின் இறப்பையும் இழப்பாகக் காணும் நோக்குக்குத் தமிழில் இவ்வளவு தொன்மையான சான்று உண்டு.

கற்களின் போட்டி

இலங்கையின் அண்மை வரலாறு பெரிதும் நடுகல்லின் மொழியில் பேசப்பட்டுள்ளது. விடுதலைப் புலிகள் இயக்கம் மாவீரர் துயிலும் இல்லங்களை அமைத்து, நவம்பர் 27ஐ நினைவுநாளாக்கியது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்க்கு அங்கு அழுவதற்கு ஓர் இடம் கிடைத்தது என்பது மறுக்கவியலாத உண்மை. ஆயினும் அவ்விடம் கையறுநிலைக்கு உரியதாக அமையவில்லை. ஒவ்வொரு மரணமும் அடுத்த போருக்கான உறுதிமொழியாகவே அங்கு வாசிக்கப்பட்டது. அரசு வென்ற பின் அக்கல்லறைகளை இடித்தது. கோப்பாய்த் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் எழுந்தது. புதுக்குடியிருப்பில் வெற்றிச்சின்னம் நிறுவப்பட்டது. ஒரு தரப்பின் கல்லைப் பெயர்த்து மறுதரப்பின் கல்லை நாட்டும் இச்செயல் வெட்சியின் நெறியே; துக்கம் அங்கு இடம்பெறவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் நாள் இரவு இடிக்கப்பட்டது. மாணவர் போராடினர். மூன்று நாள்களில் துணைவேந்தரே மீண்டும் அடிக்கல் நாட்ட நேர்ந்தது. இந்நிகழ்வில் கருதத்தக்கது யாதெனில், முள்ளிவாய்க்காலில் மாண்டோருள் மிகப்பலர் படைக்கலம் ஏந்தாத குடிமக்கள். அவர்களை நினைக்கும் சின்னத்தையும் போர்ச்சின்னமாகவே ஆட்சி நோக்கிற்று. துயரம் முழுவதையும் எதிரியின் படைக்கலமாகக் காணும் பார்வை அரசியல் உரையாடலில் ஊன்றிவிட்டதன் அடையாளம் இது.

கற்களின் போட்டியில் எந்தக் கல்லும் இல்லாதோர் மிகுதி. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது கொல்லப்பட்டோர், இயக்கங்களால் துரோகி எனப் பெயரிடப்பட்டு மாண்டோர் ஆகியோருக்குத் தமிழ்ப் பொதுவெளி நெடுங்காலம் இரங்கவில்லை. 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மருத்துவ விரிவுரையாளர் ரஜனி திராணகமவின் மரணம் இதற்குச் சான்று. 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான அவர், அரசு, இந்தியப்படை, இயக்கங்கள் என எல்லாத் தரப்பின் வன்முறையையும் பதிவுசெய்தவர். எல்லாத் தரப்பிலும் மாண்டோரை எண்ணியவருக்கு எத்தரப்பின் கல்லும் உரியதாகவில்லை. 'துரோகி' என்னும் சொல் அரசியலில் செய்த வேலை கொலையோடு முடியவில்லை; கொல்லப்பட்டவருக்காக அழும் உரிமையையும் அது பறித்தது.

கவிதை காத்த இடம்

பொதுவெளி இழந்த கையறுநிலையை ஈழத்துக் கவிதை காத்தது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அது குறித்து எம். ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதை, இழந்த நூல்களின் பெருமையைப் பட்டியலிடவில்லை. கனவொன்றில் நூலகப் படிக்கட்டருகே சாதாரண உடையிலிருந்த காவலரால் சுடப்பட்டுக் கிடப்பவர் புத்தர். இரவில் வரும் அமைச்சர்களின் சினத்துக்குக் காரணம், கொல்லப்பட வேண்டியோரின் பட்டியலில் அவர் பெயர் இல்லாமை. விளக்கம் பெற்றதும் பிணத்தை மறைக்கச் சொல்லி அவர்கள் நீங்குகின்றனர். நூல்களே ஈமவிறகாகின்றன. தம்மபதமும் எரிகிறது.

இக்கவிதையின் அரசியல் நுட்பம் இருவகையானது. முதலாவது, பட்டியல், தவறு, மறைப்பு என்னும் நிர்வாகச் சொற்களால் ஒரு கொலை எவ்வாறு கடந்துசெல்லப்படுகிறது என்பதை அது உரையாடல் வடிவிலேயே காட்டுகிறது. இரண்டாவது, தமிழரின் இழப்பைச் சிங்கள பௌத்தரின் இழப்பாகவும் அது மாற்றுகிறது. எரித்தவர் எவர் பெயரால் எரித்தனரோ, அவரே அங்கு பிணமாகக் கிடக்கிறார். குற்றச்சாட்டு சற்றும் தணியவில்லை. ஆனால், துயரத்தில் பங்குகொள்ள எதிர்த்தரப்புக்கு ஒரு வாயில் திறக்கப்படுகிறது. தமிழ் பேசும் முஸ்லிம் கவிஞர் ஒருவர் இவ்வாயிலைத் திறந்தார் என்பதும் நினைவுகொள்ளத்தக்கது.

சிவரமணியின் கவிதைகள் வேறொரு திசையில் செல்கின்றன. யுத்தகால இரவுகள் குழந்தைகளை உரிய காலத்துக்கு முன்பே முதியோராக்குவதை அவர் எழுதினார். அங்கு விளையாட்டிலேயே தோழன் பகைவனாகிறான். மரணம் நிகழுமுன்னரே இழந்துவிட்ட குழந்தைமைக்கான கையறுநிலை இது. 1991 மே மாதம் தம் கவிதைகளை எரித்துவிட்டு அவர் உயிர்நீத்தார். அவ்வாண்டே கொண்டுசெல்லப்பட்ட கவிஞர் செல்வி மீளவில்லை. இரங்குவதற்கே இடமில்லாத காலத்தில் இரங்கியோரின் நிலை இவ்வாறு அமைந்தது.

2009இன் பின் வந்த சேரனின் தொகுதிக்குக் 'காடாற்று' என்பது பெயர். எரித்த இடத்தின் சூட்டைத் தணித்து எலும்பும் சாம்பலும் திரட்டும் ஈமச்சடங்கைக் குறிக்கும் சொல் அது. உடல்களே கிடைக்காத ஒரு பேரழிவின் பின் இச்சொல் தலைப்பாவது, செய்யவியலாத சடங்கைக் கவிதை ஏற்பதைக் காட்டுகிறது. கல் நாட்டும் சொல்லன்று அது, ஆற்றும் சொல். 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தொடர் போராட்டம் நடத்தும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கேட்பதும் முதலில் இந்தச் சடங்குக்கான உரிமையையே.

எழக்கூடிய மறுப்பு

எல்லா மரணங்களுக்கும் இரங்குவது எல்லாக் குற்றங்களையும் சமன்செய்வதாகாதா என்னும் வினா நியாயமானது. அரசின் படைவலியும் அது குடிமக்கள்மீது செலுத்தப்பட்ட அளவும் ஏனைய தரப்புகளோடு ஒப்பிடத்தக்கன அல்ல. இரங்கல் தீர்ப்புக்கு மாற்றாக வைக்கப்படுமாயின் அது ஏமாற்றாகும். ஆனால் நுஃமானின் கவிதை காட்டுவது இதற்கு எதிரானது. கொன்றவர் யார், மறைத்தவர் யார் என்பதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிக்கொண்டே அது துயரத்தின் எல்லையை விரிக்கிறது. கண்ணகி மதுரை அவையில் செய்ததும் அதுவே. அவள் கண்ணீரோடு காற்சிலம்பையும் கொண்டுசென்றாள். சான்றும் அழுகையும் அங்கு பிரிந்து நிற்கவில்லை.

அக்கண்ணகி மட்டக்களப்பில் அம்மனாகவும் சிங்களவரிடையே பத்தினி தெய்வமாகவும் வழிபடப்படுகிறாள். 1990களின் தொடக்கத்தில், ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு ஒடுக்கியபோது பிள்ளைகளை இழந்த தென்னிலங்கைத் தாய்மார் முன்னணியாகத் திரண்டு, கோயில்களில் தேங்காய் உடைத்து ஆட்சியாளரைச் சபித்தனர். அதற்குமுன் 1984இல் யாழ்ப்பாணத்திலும் தாய்மார் முன்னணி தோன்றியிருந்தது. ஒரே அரசிடம் ஒரே வினாவை இரு மொழிகளில் கேட்ட இவ்விரு அமைப்புகளும் ஒரே அரசியல் குரலாகத் திரளவில்லை. பொதுத்துயரம் நாட்டின் உரையாடலை மாற்றியிருக்கக்கூடிய வாய்ப்பு அங்கு நழுவியது.

முடிவுரை

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் அளித்த அறிக்கை, போரில் பாதிக்கப்பட்ட அனைவரோடும் துயர்பகிரும் தனி நிகழ்வொன்றைப் பெப்ரவரி 4ஆம் நாள் தேசிய தினத்தில் நடத்தப் பரிந்துரைத்தது. அரசே நியமித்த குழுவின் இப்பரிந்துரையை அரசு தேசிய மரபாக்கவில்லை. ஆணைக்குழுவின் சொல்லால் ஆகாதது கவிதையால் ஆகிவிடும் எனக் கொள்வதற்கில்லை. எனினும், அத்தகைய நிகழ்வு என்றேனும் நடக்குமாயின், அங்கு எம்மொழியில் பேசுவது என்னும் வினாவுக்குத் தமிழிலக்கியம் விடை வைத்திருக்கிறது.

அவ்விடையைத் தொகுப்பது தமிழாய்வின் கடன். ஈழத்து இரங்கற்கவிதைகள் இதுவரை போர் இலக்கியம், எதிர்ப்பிலக்கியம் என்னும் தலைப்புகளின் கீழேயே பெரிதும் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் நடுகல்லின் மொழி எது, கையறுநிலையின் மொழி எது, தொகைநிலையின் நோக்கு எங்கெங்கு உளது எனப் பிரித்தாராய்தல் வேண்டும். வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் எழுத்தும், இயக்கங்களால் கொல்லப்பட்டோரைப் பற்றிய எழுத்தும் அத்தொகுப்பில் உரிய இடம் பெறுதல் வேண்டும். தன் மேடையின் முன்னேயே மக்களைப் பறிகொடுத்த மாநாட்டு மரபுக்கு இக்கடன் ஏனையோரினும் நெருக்கமானது. வீரசிங்கம் மண்டபத்தின் முன் வீழ்ந்தோர் எப்படைக்கும் உரியவர் அல்லர். தமிழ் கேட்க வந்தவர்கள்.