ஆறாத புண்ணும் கைபேசிப் படமும்

சர்க்கரை நோயாளியின் காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் நின்றால், சிகிச்சையின் போக்கு முழுவதும் ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகிறது: போன வாரத்தைவிடப் புண் சிறுத்திருக்கிறதா? கட்டு மாற்றும் செவிலியர் ஒவ்வொரு முறையும் வேறொருவர் என்றால், நினைவை நம்பிப் பதில் சொல்ல முடியாது. புண்ணை வாரந்தோறும் படமெடுத்து, மென்பொருளால் பரப்பைக் கணக்கிடும் முறை இந்தக் குறையைத் தீர்க்கவே வந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. ஆகவே இம்முறையின் நிறைகுறைகளை எடைபோட வேண்டிய அவசியம் நமக்கு அதிகம்.

முதலில் நிறை. 4 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள புண்ணை ஸ்கேலால் அளந்து பெருக்கினால் 12 சதுர செ.மீ. வரும். புண் நீள்வட்டமாக இருந்தால் உண்மைப் பரப்பு ஏறத்தாழ 9.4தான். படத்தில் புண்ணின் ஓரத்தை வரைந்து கணக்கிட்டால் இந்தப் பிழை நீங்குகிறது. புண்ணைத் தொடவும் தேவையில்லை. இந்தப் பரப்பு எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை அமெரிக்காவில் ஆய்வாளர் பீட்டர் ஷீஹனின் குழு 2003இல் காட்டியது. நான்கு வாரத்தில் பரப்பு 53 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு 12 வாரத்துக்குள் புண் ஆறியது. அந்த அளவுக்குக் குறையாதவர்களில் 9 சதவீதம் பேருக்கே ஆறியது. சிகிச்சையை மாற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை நான்காம் வாரமே கிடைத்துவிடுகிறது.

குறைகளில் சில, பயிற்சியால் தீரக்கூடியவை. கேமரா 30 பாகை சாய்ந்தால் படத்தில் பரப்பு சுமார் 13 சதவீதம் சுருங்கித் தெரியும். ஒரு வாரம் நேராகவும் மறுவாரம் சாய்வாகவும் எடுத்தால், ஆறாத புண் ஆறுவதுபோலத் தோன்றும். அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்தபின் புண் பெரிதாகத் தெரியும். அதற்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் நோயாளி வீணாகப் பயப்படுவார். சுத்தம் செய்தபின், ஒரே கோணத்தில், அளவுகோல் ஒட்டி எடுப்பது என்று பழக்கப்படுத்தினால் இவை பெரும்பாலும் சரியாகும்.

தீராத குறை வேறு. படம் மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. மேலே தோல் மூடிக்கொண்டு வர, அடியில் சீழ் கட்டியிருக்கலாம். வரைபடத்தில் பரப்பு இறங்கும் அதே வாரத்தில் ஆபத்து ஏறிக்கொண்டிருக்கும். உலோகக் கம்பியை மெல்ல விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்பது, பாதத்தின் சூட்டைப் புறங்கையால் உணர்வது, நாடித்துடிப்பைத் தேடுவது, நாற்றத்தை அறிவது ஆகியவற்றைக் கேமரா செய்யாது. கறுத்த தோலில் தொற்றின் சிவப்பும் படத்தில் எளிதில் தெரியாது. கைபேசிப் படத்தை மட்டும் வைத்துப் பாதப் புண்ணை மதிப்பிடுவது நம்பத்தக்கதல்ல என்று ஆய்வாளர் வான் நெட்டனின் குழு 2017இல் முடிவு சொன்னது.

வீட்டுக் கண்காணிப்பில் படங்களைப் பயன்படுத்திய இரண்டு ஐரோப்பிய ஆய்வுகளையும் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் 2015இல் வெளியான ஆய்வில், புண் ஆறுவதிலும் உறுப்பு அகற்றலிலும் வழக்கமான சிகிச்சையோடு பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் தொலைவிலிருந்து கண்காணிக்கப்பட்டவர்களில் 8 பேரும் மற்றவர்களில் ஒருவரும் இறந்தனர். காரணம் தெளிவாகவில்லை. நார்வேயில் 2018இல் வெளியான ஆய்விலோ தொலைமருத்துவக் குழுவில் உறுப்பு அகற்றல் குறைந்திருந்தது. ஒரே கருவி இரு விதமாக முடிந்திருக்கிறது. படத்தைச் சுற்றியுள்ள கவனிப்பே பலனைத் தீர்மானிக்கிறது என்பது என் வாசிப்பு.

தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் ஊழியர்கள் வீடுகளுக்கே சென்று சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளைக் கவனிக்கிறார்கள். இப்படிப்பட்ட வருகையில் புண்ணைப் படமெடுப்பது நல்லதே, மூன்று நிபந்தனைகளோடு: நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால் மருத்துவரிடம் நேரில் அனுப்ப வேண்டும், காய்ச்சல், நாற்றம், வீக்கம், புதிய வலி எது வந்தாலும் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்றே அனுப்ப வேண்டும், படங்கள் ஊழியரின் சொந்தக் கைபேசியில் தங்கக்கூடாது. நோயாளி மருத்துவரைச் சந்திக்கும் நாளைப் படம் முன்னே இழுத்தால் அது காலைக் காக்கும். தள்ளிப்போட்டால் காலைப் பறிக்கும். எந்தப் புதிய திட்டத்தையும் இதை வைத்தே மதிப்பிட வேண்டும்.