வெற்றியில் முடியாத சாட்சி: பாமாவின் ‘கருக்கு’

சபைக் கூட்டங்களில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. ஒரு பெண் எழுந்து, புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, மைக்கைப் பிடித்துத் தனக்கு நேர்ந்ததைச் சொல்வாள். கடன், நோய், குடிக்கிற கணவன், வேலை கிடைக்காத மகன். பிறகு தான் உபவாசம் இருந்து ஜெபித்ததையும், கர்த்தர் இரங்கியதையும் சொல்வாள். கடைசியில் ஸ்தோத்திரம். சிறு வயது முதல் இப்படி எத்தனையோ சாட்சிகளைக் கேட்டிருக்கிறேன். கஷ்டம் தீராத ஒருத்தி எழுந்து பேசி நான் கேட்டதில்லை. குடியை விடாதவனின் மனைவி உட்கார்ந்தேதான் இருப்பாள். அவள் முறை இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

என் சித்தி அப்படிப் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தவர். வீங்கிய கன்னத்தோடு ஆராதனைக்கு வந்தவரிடம் ஊழியக்காரர் சிலுவையைச் சுமக்கச் சொன்னார், யோபுவின் பொறுமையை நினைக்கச் சொன்னார். அதே சபையைச் சேர்ந்த நாலைந்து பெண்கள் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து, முறை வைத்து ராத்திரிகளில் சித்தியோடு படுத்துக்கொண்டார்கள். அவர்களில் வயதான ஒரு அம்மா சித்தப்பாவை வாசலிலேயே நிறுத்தித் தெரு கேட்கத் திட்டினார். எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று இன்று கேட்டாலும், கர்த்தர் தாங்கினார் என்றுதான் சித்தி சொல்வார். அதைப் பொய் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்த ஒரே வார்த்தைக்குள் ஊழியக்காரரின் உபதேசமும் அந்தப் பெண்களின் ராத்திரிகளும் ஒன்றாகக் கலந்துகிடப்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு உதவிய புத்தகம் பாமாவின் ‘கருக்கு’.

1992இல் வந்த ‘கருக்கு’, தமிழில் தலித் பெண் தன்வரலாற்றின் தொடக்கமாக வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. சாதியை எழுதிய நூல், பேச்சுத்தமிழில் எழுதிய நூல் என்று மாணவிகள் தேர்வுத்தாளில் எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் அதில் பூசையும் ஜெபமும் மடமும் வரும் பக்கங்களைக் கண்டால் நம் விமர்சகர்களுக்கு அவசரம் வந்துவிடுகிறது. மதம் ஏமாற்றியது, அவர் வெளியே வந்தார் என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். பக்திமான்களின் பக்கத்தில் வேறொரு வரி: அழைத்தலில் நிலைத்திருக்க முடியாமல் போனவர். இரண்டு வரிகளுமே புத்தகத்தைச் சரியாகப் படிக்காதவர்கள் சொல்வது.

கதைசொல்லியின் பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை செய்கிறார். மிச்சச் சோற்றை உயரத்திலிருந்து போடுவார்கள், பாட்டி பணிந்து வாங்கிக்கொள்வார். இதை ஏன் பொறுத்துக்கொள்கிறாய் என்று பேத்தி கேட்கும்போது, அவர்கள் போடவில்லையென்றால் நாம் எப்படிப் பிழைப்பது என்கிற நியாயம்தான் பாட்டியிடம் இருக்கிறது. இதே பாட்டிதான் கோயிலில் சாமியார் முன்னும் அப்படிப் பணிகிறார். இந்த இடத்தை அடிமை மனம் என்று குறித்துவிட்டு நகர்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேறு வழி எதுவும் இல்லாத இடத்தில் பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்ததும் ஒரு திறமைதான். அந்தத் திறமையை விசுவாசம் என்று புகழ்ந்து, அந்த உயரத்தை அப்படியே வைத்திருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு வகைத் தாங்குதலும் நூலில் இருக்கிறது. கல்லறை நிலம் பற்றிச் சாலியர்களோடு தகராறு மூள்கிறது. போலீஸ் ஊருக்குள் புகுந்து பறையர் தெருவின் ஆண்களை அடித்துப் பிடித்துக்கொண்டு போகிறது. தப்பியவர்கள் ஒளிந்து திரிகிறார்கள். தெருவில் மிஞ்சுவது பெண்கள். கூலிக்குப் போவதும் கஞ்சி காய்ச்சுவதும் வசவைக் கேட்பதும் ஒளிந்தவர்களைக் காப்பதும் அவர்கள்தான். ஒரு சாவு விழுகிறது, பிணத்தையும் அவர்களேதான் அடக்க வேண்டியிருக்கிறது. செத்தது சின்னப் பையன். ஒளிந்திருக்கும் தகப்பனுக்குப் புடவை கட்டி, அழுகிற பெண்களோடு பெண்ணாகக் கூட்டி வந்து, மகனின் முகத்தைக் காட்டிவிடுகிறார்கள். தமிழில் நான் படித்த மிகத் துணிச்சலான பக்கங்களில் இது ஒன்று. இங்கே யாரும் பொறுமையைப் பற்றிப் பேசவில்லை. பேச நேரமில்லை.

இந்தத் தெருவில் வளர்ந்த பெண்தான், படித்து ஆசிரியையாக வேலை பார்த்துவிட்டு, தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காக உழைக்க வேண்டும் என்று கன்னியர் மடத்தில் சேர்கிறார். ஏழு ஆண்டுகள். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் வசதியாக வாழ்வதையும், அவர்களுடைய பள்ளிகள் வசதியானவர்களுக்காகவே நடப்பதையும், தலித்துகளைப் பற்றிக் கூச்சமில்லாமல் இழிவாகப் பேசப்படுவதையும் பார்க்கிறார். கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடு இதையெல்லாம் கேட்கவிடாமல் வாயை மூடுகிறது. எந்த அளவுகோலைக் கொண்டு அவர் மடத்தைக் குற்றம் சாட்டுகிறார் என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. பெரியாரையோ மார்க்ஸையோ வைத்து அல்ல. ஏழைகளின் பக்கம் நின்ற, அநியாயத்தைக் கண்டு கோபப்பட்ட இயேசுவை வைத்து. பணிவையும் அமைதியையும் மட்டுமே போதித்தவராக இயேசுவைக் காட்டி, மற்றதை மறைத்துவிட்டார்கள் என்பது அவருடைய வழக்கு. வெளியேறும் துணிவு அவருக்கு விசுவாசத்தை இழந்ததால் வரவில்லை, அதை எழுத்துக்கு எழுத்து நம்பியதால் வந்தது.

யோபுவையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்திரண்டு அதிகாரங்கள் கொண்ட அந்தப் புத்தகத்தில் நம் போதகர்கள் சொல்லும் பொறுமைசாலி முதல் இரண்டு அதிகாரங்களில்தான் இருக்கிறார். மூன்றாவதில் பிறந்த நாளைச் சபிக்கத் தொடங்குபவர், அதன் பிறகு கடவுளோடு வழக்காடிக்கொண்டே போகிறார். உன் பாவம்தான் காரணம் என்று உபதேசித்த நண்பர்களைத்தான் முடிவில் கடவுள் கடிந்துகொள்கிறார், வழக்காடியவரை அல்ல. அவர் மனைவியும் பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள்தான். அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பேச்சு, அதற்கும் பைத்தியக்காரி என்ற பட்டம். லூக்கா 18இல் வரும் விதவையும் அப்படியே. சலிக்காமல் ஜெபிப்பதற்கு உதாரணமாக அவளைக் காட்டுவார்கள். அந்த உவமையில் அவள் கேட்டது ஆறுதல் இல்லை, எதிராளிக்கு எதிராக நியாயம். கொடுக்கும்வரை அந்த நீதிபதியை அவள் விடவில்லை.

கஷ்டகாலம் என்கிறோம், மழைக்காலம் பனிக்காலம் மாதிரி. தானாக வரும், தானாகப் போகும். ஆனால் கிறிஸ்தவ தலித்துகளின் கஷ்டத்தில் ஒரு பகுதிக்குச் சட்டப்பெயரே இருக்கிறது: 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. மதம் மாறியதால் அவர்கள் பட்டியல் சாதியினர் இல்லை என்றது அது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. சட்டத்தில் இல்லாத சாதி கோயிலில் மட்டும் பத்திரமாக இருந்தது. இதற்கும் சேர்த்தே பொறுமை போதிக்கப்பட்டது.

நூலில் எனக்குக் குறைகளும் உண்டு. சில அதிகாரங்களின் முடிவில் கதைசொல்லி தானே பிரசங்க மேடையில் ஏறிவிடுகிறார். காட்சி சொல்லிவிட்டதை மறுபடி விளக்குகிறார். ‘நாம்’ என்று சமூகத்துக்காகப் பேசும்போது வீட்டுக்குள் விழும் அடி பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது. சித்தியை மனதில் வைத்துப் படித்த எனக்கு அது ஏமாற்றம். 1994இல் வந்த ‘சங்கதி’யில்தான் பாமா அந்தக் கணக்கைத் தீர்க்கிறார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆனாலும் ‘கருக்கு’ முடிகிற விதத்துக்காக அதை மன்னித்துவிடலாம். மடத்தைவிட்டு வந்தவருக்கு வேலையில்லை, துணையில்லை, நாளை என்ன என்ற பயம் இருக்கிறது. கர்த்தர் இரங்கினார் என்று எழுதவில்லை. உள்ளே திரும்பிப் போகிறேன் என்றும் எழுதவில்லை. விறகு பொறுக்கப் போன சிறுமியின் கையைக் கிழித்த பனங்கருக்குக்கு இரண்டு பக்கமும் கூர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த முடிவு வேறு மாதிரி இருக்கச் சாத்தியமில்லை என்று தோன்றுகிறது. நம் சபைகளில் எழுந்து பேச இடம் கிடைக்காத பெண்ணின் சாட்சி இதுதான்.

சித்திக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். மெதுவாக, விரல் வைத்து, இரண்டு வாரம் படித்தார். புடவை கட்டிக்கொண்டு வந்த தகப்பனுக்காக அழுதார். மடத்துக் கதை அவருக்குப் பழக்கமில்லாதது, சிஸ்டர்களைப் பற்றி நிறையக் கேட்டார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் கோபம். “இப்படிப் பாதியில விட்டா எப்படி? அந்தப் பொண்ணுக்கு அப்புறம் வேலை கெடச்சுதா இல்லையா?”

“கெடச்சுது சித்தி. டீச்சரா இருந்தாங்க.”

“அதை எழுதலியே” என்றார். புத்தகத்தைப் புரட்டி, போலீஸ் வரும் அதிகாரத்தை மறுபடி தேட ஆரம்பித்தார்.