தொப்பிவரை போன கை

தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ பற்றிக் கதைக்கும்போது நம்மவர்கள் அதைக் காதல் கதை என்றே சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் வாசித்தேன். அதைத் தழுவி 2003 இல் எஸ். பி. ஜனநாதன் எடுத்த ‘இயற்கை’ படமும் அந்த எண்ணத்தை உறுதியாக்கிற்று. காத்திருக்கும் பெண், திரும்பி வரும் காதலன், நடுவில் மனம் உடைந்து நிற்கும் ஒருவன். இம்முறை மீள வாசித்தபோது, நாஸ்தென்கா வருவதற்கு முன்னுள்ள பக்கங்களை என்னால் இலேசில் தாண்ட முடியவில்லை.

1848 இல் வெளிவந்த கதை. கோடைகாலப் பீட்டர்ஸ்பர்க். வசதியுள்ளவர்கள் வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு நகருக்கு வெளியேயுள்ள கோடை வீடுகளுக்குப் போகிறார்கள். எட்டு வருடமாக அங்கே வாழ்ந்தும் ஒரு சினேகிதனைத் தேடிக்கொள்ளாத இந்த 26 வயது இளைஞனை “நீயும் வா” என்று கூப்பிட ஆளில்லை. அவன் வீதியோரக் கட்டிடங்களோடு கதைக்கிறான். தினமும் ஒரே நேரத்தில் ஒரு கிழவரைக் காண்கிறான். இரண்டு நாள் காணாமலிருந்து மூன்றாம் நாள் கண்டபோது, இருவர் கையும் தொப்பிவரை போகிறது. சட்டென்று சுதாரித்துக் கையை இறக்கிக்கொண்டு விலகிப் போகிறார்கள்.

அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஸலாம் சொல்லச் சொன்ன மார்க்கத்தில் வளர்ந்தவனுக்கு, அந்த இறங்கிய கை சும்மா விஷயமல்ல. அவனுடைய காதல் தோல்வி அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

18 வருடங்களுக்குப் பின், 1866 இல் வந்த ‘குற்றமும் தண்டனையும்’ அதே நகரின் ஜூலை மாத வெக்கையில் ஆரம்பிக்கிறது. தூசி, சுண்ணாம்பு, செங்கல், மதுக்கடை நாற்றம். கோடை வீடு எடுக்க வசதியில்லாதவர்களுக்குப் பழகிப்போன நாற்றம் இது என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார். இங்கே வீதி நிறையச் சனம். ஆனாலும் ரஸ்கோல்னிக்கோவ் அலுமாரி போன்ற அறைக்குள் ஒளிந்துதான் வாழ்கிறான். முன்னவன் தனிமையில் கனவு கண்டான். இவன் கொலைக்குத் திட்டம் போட்டான். தனிமை ஆளைப் பண்படுத்தும் என்று எழுதுகிறவர்கள் இரண்டையும் சேர்த்து வாசிக்க வேணும்.

‘வெண்ணிற இரவுகள்’ முடிவில் அவன் நாஸ்தென்காவை வாழ்த்துகிறான். ஒரு கணத்து இன்பமே போதும் என்கிறான். எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்த இடத்தைத்தான். அதற்குச் சற்று முன்னால், 15 வருடங்களுக்குப் பின்னும் அதே அறையில், அதே தனிமையில் கிழடு தட்டியிருக்கும் தன்னையே அவன் காண்கிறான். அந்தப் பந்தியை விட்டுவிட்டு வாழ்த்தை மட்டும் கொண்டாடினால் கதை பாதியாகிவிடும்.

பெருநாளுக்குச் சனமெல்லாம் ஊர் போனபின், கொழும்பில் மிஞ்சும் போர்டிங் பொடியன்மாரை நமக்குத் தெரியும். பள்ளியில் தோளோடு தோள் நின்று தொழுது, இரு பக்கமும் ஸலாம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றவனின் பெயரைக் கேட்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு வருகிறோம். நானும் அப்படி வந்தவன்தான். இந்தக் கதையை மூடி வைத்தபோது காதலி போன வேதனை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பொடியன்மாரில் ஒருவனின் பெயரும் எனக்குத் தெரியாது என்பதுதான் உறுத்தியது.