சீட்டித் திரையும் முல்லை விரிப்பும்

சன்னலுக்கு அளவெடுக்க வந்த இளைஞர் இரண்டு மாதிரிப் புத்தகங்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று தடிமனானது, முழுக்கப் பூப்போட்ட துணிகள். மற்றது மெல்லியது, சாம்பல், பழுப்பு, கருநீலம் என்று வெற்று நிறங்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தவர் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் பூப் புத்தகத்தை விரித்தார். என் புத்தகங்கள் அடுக்கியிருந்த அறைக்கு வந்ததும் அதை மூடிவிட்டு மெல்லியதை எடுத்தார். "ஆபீஸ் ரூமுக்கு பிளெய்ன்தான் மேடம் எடுக்கும். சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்கன்னா இன்னைக்கே ஆர்டர் போட்டுடலாம்" என்றார். அந்த அறை என்னுடையது என்றேன். அவர் தயங்கவே இல்லை. "அப்ப பூவே போட்டுடலாம் மேடம்" என்று முதல் புத்தகத்தை மறுபடி திறந்தார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தொழில் தெரிந்தவர். சிறிய சன்னலுக்குச் சிறு பூ, அகலமான சன்னலுக்குப் பெரிய பூ என்றார். மெத்தை விரிப்பிலோ சுவரிலோ ஏற்கெனவே பூ இருந்தால் சன்னலுக்கு வெற்றுத் துணிதான் நல்லது. பூவில் இருக்கும் நிறங்களில் ஒன்றாவது அறையில் வேறெங்காவது, ஒரு தலையணை உறையிலாவது, இருக்க வேண்டும். ரோலர் பிளைண்ட் இறக்கினால் தட்டையாக நிற்கும், பூ முழுதாகத் தெரியும். ரோமன் பிளைண்டைப் பாதி தூக்கினால் பூவின் பாதி மடிப்புக்குள் போய்விடும். ஜீப்ரா பிளைண்டில் பட்டை விட்டுப் பட்டை வருவதால் பூ நறுக்கிப் போட்டதுபோல் இருக்கும், வேண்டவே வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு சன்னல் என்றால் இரண்டிலும் பூ ஒரே உயரத்தில் தொடங்கும்படி வெட்ட வேண்டும், அதற்குத் துணி கூடுதலாகப் பிடிக்கும். எல்லாமே கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய விதிகள். பெண்ணின் அறை என்றால் பூ என்ற விதி மட்டும் சன்னலைப் பார்த்துச் சொன்னதல்ல.

இரண்டு நாள் அவகாசம் கேட்டு அவரை அனுப்பினேன். அந்த வாரம் வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்தது சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்'. 1892இல் வெளிவந்த அமெரிக்கக் கதை. பிள்ளை பெற்றபின் மனம் சோர்ந்த ஒருத்தியை மருத்துவரான கணவன் வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய வீட்டின் மாடியறையில் ஓய்வெடுக்க வைக்கிறான். எழுதக் கூடாது, வேலை செய்யக் கூடாது. சன்னல்களுக்குக் கம்பி போட்ட அறை. சுவரில் அருவருப்பான மஞ்சள் தாள். நாளெல்லாம் அந்த வடிவங்களைப் பார்த்துப் பார்த்து, அவற்றுக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டுக் கிடப்பதாகக் காண்கிறாள். அலங்காரமே சிறைக்கம்பியாகிறது என்று பத்து ஆண்டுகளாக ஒரே பாடத்தைச் சொல்லிவந்தேன்.

இந்த ஆண்டு ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா, அவளுக்கு எந்த ரூம்தான் பிடிச்சிருந்தது?"

பக்கத்தைத் திருப்பினேன். கதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கீழ்த்தளத்தில், தாழ்வாரத்தைப் பார்த்த ஓர் அறையை அவள் கேட்கிறாள். அந்த அறையின் சன்னலெங்கும் ரோஜா படர்ந்திருக்கிறது. உள்ளே பழைய பாணிச் சீட்டித் திரைகள் தொங்குகின்றன. கணவன் அந்தப் பேச்சையே காதில் வாங்கவில்லை. அதாவது, பூப்போட்ட சன்னல் திரை வேண்டும் என்று அவள்தான் ஆசைப்படுகிறாள். அதை மறுத்துத்தான் அவளை மஞ்சள் தாளுக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். பத்து ஆண்டுகள் இந்த இரண்டு வரிகளைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். தாண்டியதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். பூப்போட்ட திரை என்பது ஒரு பெண்ணியக் கதையில் கவனிக்க வேண்டிய பொருள் என்று எனக்குத் தோன்றவில்லை. அளவெடுக்க வந்தவருக்குப் பூ என்றால் பெண், எனக்குப் பூ என்றால் பெண்ணைக் கட்டிப்போடுவது. அவளுக்கு என்ன வேண்டும் என்பதை இருவருமே கேட்கவில்லை.

சீட்டி என்றால் இன்றைய மாணவிகளுக்குத் தெரிவதில்லை. என் பாட்டி காலத்தில் சீட்டிப் பாவாடை தெரியாத சிறுமி கிடையாது. வெளிநாட்டார் 'சின்ட்ஸ்' என்று வாங்கிக்கொண்டுபோன துணி இதுதான். அதில் பெரும்பகுதி நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனது. பருத்தித் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து, படிகாரக் கரைசலால் கோடு தீட்டி, சாயவேரில் கொதிக்கவைத்தால் தீட்டிய இடம் மட்டும் சிவக்கும், நீலத்துக்கு அவுரி. துவைத்தால் போகாத நிறம் ஐரோப்பியர்களுக்கு அதிசயமாக இருந்தது. 1663 செப்டம்பரில் லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் என்ற கடற்படை அதிகாரி, தீட்டிய இந்தியத் துணியொன்றை மனைவிக்காக வாங்கியதை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். எதற்கு? அவளுடைய புதிய படிப்பறையின் சுவரை மூட. ஒரு பெண்ணுக்கு எழுதத் தனியறை வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் சொன்னது 1929இல். அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் பெண்ணுக்கு அறையும் இருந்தது, அறைக்கு நம் நாட்டுத் துணியும் இருந்தது. நமக்குக் கிடைப்பது துணி வாங்கியவரின் நாட்குறிப்புதான். உள்ளே உட்கார்ந்தவள் அந்தத் துணியைப் பற்றி என்ன நினைத்தாள் என்று கேட்க வழியில்லை.

பூத்துணி பெருகியதும் அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. 1719இல் லண்டன் தெருக்களில் நெசவாளர்கள் கூட்டமாகத் திரண்டு இந்தப் பருத்தித் துணி உடுத்திய பெண்களின் உடையைக் கிழித்தார்கள், அமிலம் வீசினார்கள். இறக்குமதி செய்த வணிகர்களின் சட்டையை இப்படித் தெருவில் கிழித்ததாக நான் படித்ததில்லை. 1721இல் வந்த சட்டம் அச்சிட்ட, தீட்டிய பருத்தித் துணிகளை உடுத்துவதை மட்டும் தடுக்கவில்லை. கட்டில், நாற்காலி, மெத்தை, சன்னல் திரை என்று பெயர் சொல்லித் தடுத்தது. சன்னல் திரை நாடாளுமன்றம்வரை போன வரலாறு இது. 'வீட்டு அலங்காரம்' என்று நாம் ஒதுக்கும் பொருளை அரசுகள் ஒருபோதும் அப்படி ஒதுக்கியதில்லை.

இந்த இடத்தில் என் குற்றமொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நெடுநல்வாடைக்கு ஓர் இயல் உண்டு. 188 அடிகளில் நக்கீரர் பாடியது. அதில் பெரும்பகுதி ஓர் அரண்மனையையும் ஓர் அறையையும் ஒரு கட்டிலையும் பற்றியது. அதை 'அழகியல் கூறுகள்' என்ற துணைத்தலைப்பின்கீழ் ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, இது அகமா புறமா என்ற விவாதத்துக்கு முப்பது பக்கம் கொடுத்திருந்தேன்.

அந்த விவாதம் ஒரு பூவில் நிற்கிறது. போர்ப் பாசறையில் நள்ளிரவிலும் தூங்காமல் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துவரும் அரசனுக்கு முன்னால் ஒருவன் வேல் ஏந்திச் செல்கிறான். வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியர் அடையாளம். தலைவன் இன்னார் என்று தெரிந்துவிட்டதால் பாட்டு அகமாகாது, புறமே என்றார் நச்சினார்க்கினியர். அரசன் பெயரைச் சொல்லாத பாட்டில் ஒரு வேப்பம்பூ அவனுக்குப் பெயராகிவிட்டது. பாட்டின் வகையையே தீர்மானித்துவிட்டது.

இனி அரசியின் அறைக்கு வருவோம். செம்பால் செய்தது போன்ற சுவர், அதில் பல பூக்களோடு வரைந்த கொடி. நாற்பது வயது யானையின் தானாக விழுந்த தந்தங்களால் இழைத்த கட்டில். கட்டிலைச் சுற்றி முத்துவடங்களைச் சாலேகம்போல், அதாவது சாளரம்போல், தொங்கவிட்டிருக்கிறார்கள். மேலே விதானத்தில் திங்களைப் பிரியாத உரோகிணியின் ஓவியம். கீழே சிங்க வேட்டை பொறித்த விரிப்பு. அதில் காட்டு முல்லையும் பல பூக்களும் நிரைத்திருக்கின்றன. நெய்த பூ என்றும் படிக்கலாம், தூவிய பூ என்றும் படிக்கலாம்.

முல்லை! திணையிலக்கணம் படித்த எந்த மாணவியும் இங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். போனவன் வரும்வரை வீட்டில் ஆற்றியிருப்பது. காத்திருக்க வேண்டியவளின் கட்டிலில் காத்திருப்பதற்குரிய பூவைப் பரப்பிவைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே கணவன் செய்யும் வேலைக்கு ஈடாக வேட்டைக் காட்சி. வேலில் கட்டிய பூ அரசியல் சான்றானது. படுக்கையில் கிடந்த பூவை நான் அழகியல் என்று எழுதினேன். என் வழிகாட்டியும் திருத்தவில்லை, வாய்மொழித் தேர்விலும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் நக்கீரருக்குத் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இத்தனை பூவுக்கும் முத்துக்கும் நடுவே அவளை எப்படிக் காட்டுகிறார்? முன்பு பூந்துகில் உடுத்திய இடையில் இப்போது அழுக்கேறிய நூல் புடவை.  வண்ணம் தீட்டாத வெறும் கோட்டோவியம்போல் இருக்கிறாள் என்கிறார். அறை முழுக்க வண்ணம், அவள் மட்டும் வெற்று. தோழியரும் செவிலியரும் சொல்லும் ஆறுதல் எதுவும் அவளுக்கு எட்டவில்லை. விதானத்து உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, கண்ணீரை விரலால் தெறிக்கிறாள். அந்த அலங்காரத்தை அவள் வாசிக்கிறாள். கில்மனின் நாயகி சுவர்த்தாளை வாசித்ததுபோலவே, தனக்கு எதிராக எழுதப்பட்டிருப்பதை வாசிக்கிறாள். காதலின் ஆற்றாமை என்று மட்டும் இதற்கு உரை சொன்னால் போதாது. அறைக்குப் பொருத்தமாக இருக்க மறுக்கிற ஒரே பொருள் அங்கே அவள்தான்.

இதே பாட்டில் இன்னொரு வகைப் பூவும் உண்டு. மழைமூட்டத்தில் பொழுது தெரியாத நகரத்தில், தட்டில் போட்டுவைத்த பிச்சியரும்பு அவிழ்ந்து மணப்பதைக் கொண்டு மாலை வந்ததென்று அறிந்து பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். தென்றலுக்காக வைத்த சாளரங்கள் வாடைக்கு அஞ்சித் தாழிட்டுக் கிடக்கும் நேரம் அது. வெளியைப் பார்க்க வழியில்லாதபோது பூவே அவர்களுக்குக் கடிகாரம். ஆகவே பூ வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியோடு இந்தப் பாட்டுக்குள் போனால் ஒன்றும் கிடைக்காது.

என் முதல் கவிதைத் தொகுப்புக்கு வந்த மதிப்புரை ஒன்றில், பூக்கள் அதிகம், அலங்காரத்தைத் தாண்டவில்லை என்றிருந்தது. இரண்டாம் தொகுப்பில் ஒரு பூகூட வராமல் பார்த்துக்கொண்டேன். கள்ளி மட்டும் ஓரிடத்தில் வரும், அதுவும் முள்ளோடு. இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. ஆண் கவிஞர்களின் வேம்புக்கும் பனைக்கும் யாரும் இந்தக் கணக்கு எடுத்ததில்லை.

எங்கள் பழைய வீட்டுத் தெருப்பக்கச் சன்னலின் கீழ்ப்பாதிக்கு ஒரு திரை உண்டு. ஸ்பிரிங் கம்பியில் கோத்த வெள்ளைப் பாப்ளின். நான் பெரியவளான வாரத்தில் அம்மா தொங்கவிட்டது. அதற்குமுன் அந்தச் சன்னல் திறந்தே கிடக்கும். நான் அதன் திட்டில் ஏறி உட்கார்ந்துதான் படிப்பேன். நின்றால் என் கண்மட்டத்துக்கு மேல் திரை முடியும்படி கட்டினார். நான் உயர உயர, கம்பியை ஓர் ஆணி மேலே ஏற்றினார். பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் மூன்று முறை ஆணி மாறியது. கூடவே கீழே இடைவெளி விழாமலிருக்க ஒரு பட்டி வைத்துத் தைத்தார். அந்தத் திரையில் அவரே பூவேலை செய்திருந்தார். ஐந்திதழ்ப் பூக்கள், கட்வொர்க். ஒவ்வொரு பூவின் நடுவையும் வெட்டிவிட்டு விளிம்பை அடர்த்தியாகத் தைத்திருப்பார். அந்த ஓட்டை வழியாகத்தான் நான் தெருவைப் பார்த்தேன். பால்காரர், பூக்காரம்மா, பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள், ஒருமுறை ஓர் ஊர்வலம்.

என்னை அடைத்த துணியும் அதுதான், எனக்குத் தெருவைக் காட்டிய துணியும் அதுதான். அம்மா தெரிந்துதான் அந்த ஓட்டைகளை வெட்டினாரா? போன மாதம் கேட்டேன். எழுபத்து மூன்று வயதாகிறது. "காத்து வர வேணாமாடி?" என்றார். இன்னும் கிண்டிக் கேட்டதற்கு, "அந்த டிசைன் அப்படி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இதற்குமேல் ஆய்வாளர் கெட்டிக்காரத்தனம் காட்ட இடமில்லை. மூன்று ஆணித்துளைகளையும் நான் மன்னிக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இளைஞர் மறுபடி வந்தார். படுக்கையறைக்குப் பெரிய செம்பருத்தி போட்ட ரோலர் பிளைண்டைத் தேர்ந்தெடுத்தது என் கணவர். ஆசையாகத்தான் எடுத்தார். ரசீதில் அதற்கு நேரே இளைஞர் 'மேடம் செலக்‌ஷன்' என்று எழுதினார். அடித்துத் திருத்தச் சொன்னேன், இருவரும் சிரித்தார்கள். என் அறைக்குச் சிறு பூவில் ஒரு சீட்டி எடுத்தேன், ரோமன் வகை. தூக்கினால் பூ மடிப்புக்குள் போய்விடும் என்று மறுபடி எச்சரித்தார். பரவாயில்லை, பெரும்பாலும் தூக்கித்தான் இருக்கும் என்றேன்.

"எந்த உயரத்துல நிறுத்தணும் மேடம்?"

மேசைமுன் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்வீட்டு மொட்டைமாடியும் தெருமுனையும் தெரிகிற இடம் பார்த்துக் கையைக் காட்டினேன். அவர் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.