யார் பணம், யார் பெருந்தன்மை? பாக்ஸர் உதவித்தொகை பற்றி ஒரு குறிப்பு

வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுப்பதால் நாடுகளுக்குள் நட்பு வளரும் என்று வாதிடுகிறவர்கள் எல்லோரும் கையில் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். எங்களிடம் படித்துவிட்டுப் போனவர் பிரதமரானார், இன்னொருவர் நோபல் வாங்கினார், இப்படி. பெயர்கள் பொய்யில்லை. ஆனா நான் பல வருஷமா சாஃப்ட்வேர் டெஸ்ட் ரிப்போர்ட் படிக்கிற ஆள். பாஸ் ஆனதை மட்டும் காட்டுற ரிப்போர்ட்டைப் பார்த்தா, ஃபெயில் ஆனதெல்லாம் எங்கப்பா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

அப்படித் தேடப் போய்த்தான் பாக்ஸர் உதவித்தொகையில் மாட்டிக்கொண்டேன். வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: 1900-இல் சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சி. எட்டு நாட்டுப் படைகள் பீக்கிங்குக்குள் நுழைந்து அதை அடக்கின. 1901 ஒப்பந்தப்படி சீனா 45 கோடி டேல் வெள்ளி நஷ்டஈடு கட்ட வேண்டும், வட்டியோடு 39 வருஷத்துக்கு. அதில் அமெரிக்காவின் பங்கு சுமார் 2.5 கோடி டாலர். அமெரிக்கா மனமிரங்கி அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது; அந்தப் பணத்தில் சீன மாணவர்கள் அமெரிக்காவில் படித்தார்கள்.

இந்த 'மனமிரங்கி' என்ற இடத்தில்தான் எனக்கு உதைக்கிறது. அமெரிக்கா கேட்ட தொகையே அதற்கு ஏற்பட்ட நஷ்டத்தைவிட அதிகம். வாஷிங்டனில் சீனத் தூதராக இருந்த லியாங் செங் இதைத் தெரிந்துகொண்டு, கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஓட்டல்ல பில்லை ஏத்திப் போட்டுட்டு, நாம சண்டை போட்டு மிச்சத்தை வாங்கினா அதுக்குப் பேர் நன்கொடையா?

சீன அதிகாரிகளில் சிலர் அந்தப் பணத்தை மஞ்சூரியாவின் வளர்ச்சிக்குச் செலவிட விரும்பினார்கள். படிப்புக்குத்தான் என்று இழுத்தது அமெரிக்கத் தரப்பு. வரலாற்றாசிரியர் மைக்கேல் ஹன்ட் 1972-லேயே இதை ஒரு கட்டுரையில் பிரித்துக் காட்டிவிட்டார். அப்படியும் பழைய கதைதான் இன்றுவரை ஓடுகிறது.

எதற்காகப் படிப்பு? இல்லினாய் பல்கலைக்கழகத் தலைவர் எட்மண்ட் ஜேம்ஸ் 1906-இல் அதிபர் ரூஸ்வெல்டுக்கு அனுப்பிய குறிப்பில் ஒளிவுமறைவே கிடையாது. இந்தத் தலைமுறைச் சீன இளைஞர்களுக்கு எந்த நாடு கல்வி கொடுக்கிறதோ, அதுவே நாளைக்கு அங்கே செல்வாக்கையும் வியாபாரத்தையும் அறுவடை செய்யும் என்பது அவர் கணக்கு. 1909-இல் முதல் அணியாக 47 பேர் கப்பலேறினார்கள். 1911-இல் அதே பணத்தில் சிங்ஹுவா பள்ளி தொடங்கியது. இன்று உலகப் புகழ்பெற்ற சிங்ஹுவா பல்கலைக்கழகம் அதுதான்.

இதே காலத்தில் அமெரிக்காவின் இன்னொரு கை என்ன செய்துகொண்டிருந்தது? சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று 1882-இல் போட்ட சட்டம் அப்படியே இருந்தது. அதை எதிர்த்து 1905-இல் சீன நகரங்களில் அமெரிக்கப் பொருள்களைப் புறக்கணித்தார்கள். சட்டம் நீங்கியது 1943-இல்தான். அதாவது உதவித்தொகை மாணவன் படித்துக்கொண்டிருந்த நாட்டில், அவன் ஊர்க்காரனுக்கு வாசல் மூடியிருந்தது. விசா ஜன்னல் முன்னால் கையில் ஃபைலோடு ஒரு தடவையாவது நின்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பட்டியலில் ஹூ ஷி இருக்கிறார். 1910-இல் போனவர், 1938 முதல் 1942 வரை அமெரிக்காவுக்கான சீனத் தூதர். ஜேம்ஸின் கணக்கு அவர் விஷயத்தில் சரியாக வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே உதவித்தொகையில் 1935-இல் எம்ஐடிக்குப் போனார் சியான் ஷுவேசென். அடுத்த வருஷம் கால்டெக்குக்கு மாறி வான் கார்மானிடம் சேர்ந்தார். ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. 1945-இல் அமெரிக்கப் படையின் கர்னல் அந்தஸ்தோடு ஜெர்மனி போய் வான் பிரவுனை விசாரித்தார். 1949-இல் குடியுரிமைக்கு விண்ணப்பமும் போட்டார். இதுக்கு மேல ஒரு நாடு தன் உதவித்தொகையிலிருந்து என்னத்த எதிர்பார்க்க முடியும்?

1950-இல் கம்யூனிஸ்ட் என்று குற்றம்சாட்டி அவருடைய பாதுகாப்பு அனுமதியைப் பறித்தார்கள். ஊருக்குப் போகிறேன் என்றபோது தடுத்துக் காவலில் வைத்தார்கள். பிறகு ஐந்து வருஷம் கண்காணிப்பு. நாடு கடத்த உத்தரவும் உண்டு, நாட்டை விட்டுப் போகக்கூடாது என்ற தடையும் உண்டு. 1955-இல் சீனா அமெரிக்க விமானப்படையினர் 11 பேரை விடுவித்தது. இவரை அமெரிக்கா விட்டது. சீனாவின் ஏவுகணைத் திட்டமே இவர் தலைமையில்தான் எழுந்தது. 2009-இல் இறக்கும்வரை அவர் திரும்ப அமெரிக்கா பக்கம் போகவேயில்லை.

யாகோவ்லெவை மறந்துட்டீங்களே என்று கேட்பீர்கள். 1958 சோவியத்-அமெரிக்க ஒப்பந்தத்தில் கொலம்பியாவுக்குப் போய், கோர்பச்சேவின் வலதுகையானவர். சரிதான். ஆனால் நடுவில் அவர் அமெரிக்காவைத் திட்டிப் புத்தகங்கள் எழுதினார். பத்து வருஷம் கனடாவில் தூதராகவும் இருந்தார். அவரோடு அதே கொலம்பியாவில் படித்த கலூகின், கேஜிபியில் ஜெனரல் ஆனார். முப்பது வருஷம் கழித்து வந்த பலனை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதனால் உதவித்தொகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிங்ஹுவா ஒன்று போதும், அந்தப் பணம் வீணில்லை என்று காட்ட. என் சண்டை அந்தப் பட்டியலோடு மட்டும்தான். உதவித்தொகை கொடுக்கும் அலுவலகம் பத்து வருஷத்தில் சேர்த்ததைக் குடிவரவு மேஜையில் ஒரே ஒரு தாள் கலைத்துவிடுகிறது, அந்தத் தாள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

ஃபுல்பிரைட் திட்டத்தின் முதல் ஒப்பந்தம் 1947-இல் சீனாவோடுதான் கையெழுத்தானது. 2020 ஜூலையில் ட்ரம்ப் போட்ட ஓர் ஆணை, சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் அதை நிறுத்தச் சொன்னது. ஆணை ஹாங்காங்கின் சிறப்பு அந்தஸ்தைப் பற்றியது. ஃபுல்பிரைட் அதற்குள் ஒரு உட்பிரிவு.