வெயிலில் செத்தவர் எந்தக் கணக்கில்?

நம் நாட்டில் ஒரு நகரத்தின் வெப்ப அலை செயல் திட்டத்தை வாசித்துவிட்டால், பாக்கியெல்லாம் வாசித்த மாதிரிதான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஒரு எச்சரிக்கை அட்டவணை. எந்தத் துறைக்கு என்ன பொறுப்பு என்று சில பக்கம். கடைசியில் மோர் குடியுங்கள், குடை பிடியுங்கள். இவை எல்லாவற்றுக்கும் தாய் அகமதாபாத் மாநகராட்சி 2013இல் கொண்டுவந்த திட்டம். தெற்காசியாவிலேயே அதுதான் முதல். பிள்ளைகளுக்கு அம்மாவின் முகஜாடை அப்படியே வந்திருக்கிறது. புத்திதான் வரலை.

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரி வரை போனது. அதை ஆராய்ந்தவர்கள் ‘வெப்பத் தாக்கு’ என்று சான்றிதழ் வாங்கிய சாவுகளோடு நிற்கவில்லை. அந்த மாதம் நகரத்தில் எந்தக் காரணத்தாலும் செத்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணினார்கள்: 4,462. முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதச் சராசரி 3,118. கூடுதல் 1,344 பேர். அந்த எண்தான் நகர நிர்வாகத்தை உலுக்கியது. திட்டம் பிறந்ததே அதிலிருந்துதான்.

ஏன் இப்படி எண்ண வேண்டும்? வெயில் பெரும்பாலும் தன் பேரில் கொல்வதில்லை. ஏற்கெனவே பலவீனமான இதயத்தை, சிறுநீரகத்தைப் போய் அழுத்துகிறது. தகரக் கூரைக்குக் கீழே மூணு ராத்திரி தூங்காமல் கிடந்த கிழவர் நாலாம் நாள் போய்ச் சேர்ந்தால், சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்றிருக்கும். பொய்யும் இல்லை அது.

பின்னால் வந்த திட்டங்கள் நிற அட்டவணையை எடுத்துக்கொண்டன, எண்ணும் முறையை விட்டுவிட்டன. கொள்கை ஆராய்ச்சி மையம் 2023இல் 18 மாநிலங்களின் 37 திட்டங்களை அலசியது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று முறையாக மதிப்பிட்டவை இரண்டே இரண்டு. பணம் எங்கிருந்து வரும் என்று பேசியவை 11. எல்லாத் திட்டத்திலும் ‘ஏழைகள், முதியோர், கர்ப்பிணிகள்’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். ஆனால் அவர்கள் எந்த வார்டில், எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? அது தெரியாமல் தண்ணீர்ப் பந்தலை எங்கே போடுவீர்கள்? (தேர்தல் வருஷத்தில் எங்கே போடுவார்கள் என்பது நமக்குத் தெரியும்.)

மதியம் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள் என்கிற அறிவுரையும் எனக்கு உறுத்துகிறது. சித்தாள் வேலைக்குப் போகிறவரிடம் அதைச் சொன்னால், அன்றைய கூலியை யார் தருவது?

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு, சந்தேகமில்லை. ஆனால் சாவுக்குக் காரணம் வெயில்தான் என்று சான்று வேண்டும். அந்தக் கிழவரின் வீட்டார் அதற்கு எங்கே போவார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவருக்கு, அங்கே உடல் வெப்பத்தை உடனே அளந்தவருக்கு மட்டும் கிடைக்கிற நிவாரணம் அது. கூடுதல் சாவுக் கணக்கும் இந்த இடத்தில் உதவாது. 1,344 என்ற எண்ணுக்குப் பெயர்கள் கிடையாது.

அதனால்தான் அதே அகமதாபாத்தில் பிறந்த ‘சேவா’ பெண்கள் சங்கம் செய்து பார்க்கும் காப்பீட்டைக் கவனிக்கத் தோன்றுகிறது. டாக்டர் சீட்டு வேண்டாம், வெப்பநிலை குறித்த அளவைத் தாண்டினால் பணம். 2023இல் அந்த அளவை ரொம்ப உயரத்தில் வைத்துவிட்டதால் யாருக்கும் எதுவும் வரவில்லை. அடுத்த வருஷம் மாற்றினார்கள். 40 டிகிரியைத் தாண்டியதும் சுமார் 50,000 பெண்களுக்குத் தலா 400 ரூபாய் போனது. சின்னத் தொகைதான். ஆனால் ஆள் உயிரோடு இருக்கும்போதே கைக்கு வந்த தொகை.

வார்டுவாரியாக மே மாத இறப்புகளை எண்ணி வெளியிடப் புதுசாக ஒன்றும் வேண்டாம். பிறப்பு இறப்புப் பதிவேடு மாநகராட்சி கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் ஊர்த் திட்டம் வெளியானால் நிற அட்டவணையைத் தாண்டி, அந்த எண்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று தேடிப் பாருங்கள்.